துரை எழுதிய ‘வில்’

ஆர்லி துரை கண்மூடி ஒன்றரை மாதம் கழித்து, கொழும்பிலிருந்து அவருடைய தம்பியின் கடிதம் வந்தது. அதற்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது. அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தபோது தன் கையால் எழுதியது. டாக்டரும் கம்பவுண்டரும் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். யார் யாருக்கு எது எது என்று அதில் எழுதியிருக்கிறதோ அதை அப்படியே கொடுத்துவிட வேண்டும், எழுதாமல் விட்டதையெல்லாம் விற்றுவிட வேண்டும் என்பது தம்பி துரையின் உத்தரவு.

உத்தரவு வந்தது ரைட்டர் நல்லகண்ணுவுக்கு. கோம்பைக்கு மேலே மலையில் இருந்த அந்த ஏலத்தோட்டத்தில் இருபது வருஷமாக எழுத்து வேலை பார்ப்பவர் அவர். நேர்மையான மனிதர். ஒரு அணா தவறாகக் கைமாறினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. அதே அளவுக்கு, இங்கிலீஷ் இலக்கணத்தில் ஒரு பிசகு கண்ணில் பட்டாலும் இறங்காது.

திங்கட்கிழமை காலையில் ஏலக்காய் ஸ்டோரின் வாசலில் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, காகிதத்தை விரித்துப் படித்தார். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி.

“கிவ் மை வாட்ச் டு நல்லகண்ணு. அதாவது, என் கடிகாரத்தை நல்லகண்ணுவுக்குக் கொடு.” சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். “துப்பாக்கியைப் பக்கத்து எஸ்டேட் துரைக்குக் கொடு. அடுப்படிச் சாமான்களைச் சமையல்காரனுக்குக் கொடு. தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு கம்பளி கொடு.”

கம்பளி என்றதும் கூட்டத்தில் ஒரு சந்தோஷச் சலசலப்பு ஓடியது. ராமுத்தாய் கடைசி வரிசையில், தலையில் புல்லுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். குதிரைக்குப் புல் அறுப்பது அவள் வேலை. வயது முப்பத்தைந்து. நெடுநெடுவென்று உயரம்; மலை ஏறி ஏறி இறுகிய கால்கள். கம்பளி வந்தால் புருஷன் வீரணன் தோட்டக் காவலுக்குப் போகும்போது போர்த்திக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டிருந்தவளின் காதில் அவள் பெயரே விழுந்தது.

“ஐ வில் மை மேர் ரோசி டு ராமுத்தாய்…” என்று படித்த நல்லகண்ணு, அதோடு நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“என்னங்கய்யா? ரோசியப் பத்தி என்ன எழுதியிருக்காக?” என்று ராமுத்தாய் புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

ரோசி என்பது துரையின் செவலைப் பெட்டைக்குதிரை. அது பிறந்த கதை மலை முழுக்கத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி அடைமழையில் அதைப் பெற்ற தாய்க்குதிரை, குட்டி போட்ட மறுநாளே செத்துப்போனது. குட்டிக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. அந்த வாரம் லாயத்துப் பக்கம் சிறுத்தை வந்துபோன தடம் இருந்ததால் குதிரைக்காரன் லாயத்தில் தங்க மாட்டேன் என்றான். மற்றவர்களைத் துரை கேட்டார். பிழைக்காத குட்டிக்கு எதற்கு இத்தனை பாடு என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். புல் கொண்டுவந்து போட்ட ராமுத்தாய் மட்டும், “எங்கூட அனுப்புங்க, நான் பாக்கேன்” என்றாள். குட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கினாள். ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து நனைத்துப் புகட்டினாள். நாற்பதாம் நாள் அது அவள் பின்னால் துள்ளிக்கொண்டு மலையேறி வந்தபோது, துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம்.

அதனால்தான் அந்தக் கடைசி வரி என்னவென்று தெரிந்துகொள்ள எல்லாரும் நெருங்கி வந்தார்கள்.

“வரி முடியலையே ஆத்தா” என்றார் நல்லகண்ணு வருத்தத்தோடு. “வில்லுங்கிற சொல்லு தனியா நிக்காது. ‘ஐ வில் கோ’ன்னா போவேன். ‘ஐ வில் கம்’னா வருவேன். பின்னாடி ஒரு வினை வந்தாத்தான் அதுக்கு உசுரு. இங்கன வினையே இல்லே. ‘நான் என் குதிரை ரோசியை ராமுத்தாய்க்கு… வேன்’னு எழுதியிருக்காரு. என்ன வேன்? குடுப்பேனா, அனுப்புவேனா, காட்டுவேனா? எழுத வந்ததை எழுதி முடிக்காம விட்டுட்டாரு பாவம்.”

கூட்டத்தில் நின்றவர்களுக்கு இது விளையாட்டாகிப்போனது. ஒருவன், “ராமுத்தாய்க்குக் குதிரையக் கட்டி வைப்பேன்!” என்றான். இன்னொருத்தி, “ராமுத்தாய்க்குக் குதிரையோட்டப் பழக்குவேன்!” என்றாள். சிரிப்பு கிளம்பியது.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுருளியாண்டி வந்து நின்றார். கம்பத்துக் குதிரைத் தரகர். குதிரை விலைக்கு வரும் என்று மோப்பம் பிடித்து, காலையிலேயே மலையேறி வந்திருந்தார்.

“என்னய்யா ரைட்டரே, இதுக்குப் போயி இம்புட்டு யோசனை? அதான் எழுதியிருக்காரே, வில்லுன்னு! விக்கச் சொல்லித்தானே எழுதியிருக்காரு. மலைக்கு அந்தாண்ட மலையாளத்தான்கிட்டப் போயி வில்லுன்னு சொன்னாலும் விக்கத்தான் செய்வான். வித்துப்புடுவோம், நான் வாங்கிக்கிறேன்!”

ஸ்டோர் வாசலே அதிரும்படி சிரித்தார்கள். நல்லகண்ணுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ராமுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

“தொரை இங்கிலீஷ்ல எழுதினதுக்குத் தமிழ்ல அர்த்தம் பாக்குறதா?” என்றாள். “அய்யா, எம்பேரு எழுதியிருக்கா இல்லையா?”

“இருக்கு.”

“ரோசி பேரு இருக்கா?”

“இருக்கு.”

“ரெண்டு பேரும் ஒரே வரியில இருக்கோமுல்ல? பெறகு என்ன?”

“நடுவுல வினை இல்லையே தாயி” என்றார் அவர். “இங்கன பாரு. வாட்ச்சுக்கு ‘கிவ்’னு எழுதியிருக்காரு. துப்பாக்கிக்கும் ‘கிவ்’. கம்பளிக்கும் ‘கிவ்’. உனக்குக் குடுக்க நெனைச்சிருந்தா இதுக்கும் ‘கிவ்’னே எழுதியிருப்பாருல்ல? எழுதலையே. அப்ப மனசுல வேற என்னமோ இருந்திருக்கு. எழுதாததை நானா இட்டுக்கட்டிச் செஞ்சா, நாளைக்குத் தம்பி தொரைக்கு நான் என்ன பதில் சொல்ல?”

அவர் வேண்டுமென்று மறுக்கவில்லை என்பது ராமுத்தாய்க்குத் தெரிந்தது. அதுதான் சங்கடம். வம்புக்கு நிற்கிற ஆளாக இருந்தால் சண்டை போடலாம். இவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

“மீதி வரிய முழுசாப் படிங்க” என்றாள்.

“‘ஹூ வாஸ் வில்லிங் வென் நோ ஒன் எல்ஸ் உட்.’ வேற யாரும் சம்மதிக்காதப்ப சம்மதிச்சவள்னு உன்னைச் சொல்றாரு.”

“அந்த வில்லிங்கு வேற, இந்த வில்லு வேறயா?”

நல்லகண்ணு காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “ஒரு சாடைதான். ஆனா வேலை வேற” என்று சொல்லிவிட்டார். சொன்னாரே தவிர, அவருக்கே அது திருப்தியாக இல்லை. பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் அச்சுக் கோர்த்த மாதிரி எழுதி அவளிடம் நீட்டினார்.

“மீதிச் சாமானை ஏலம் விடுறது வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள இங்கிலீஷ் தெரிஞ்ச யாருகிட்டயாவது காட்டு. நான் சொல்றது தப்புன்னு காட்டிட்டா முதல்ல சந்தோசப்படுறவன் நாந்தான்.”

கோம்பையில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் என்று தேடினால் கை விரல்களில் பாதி மீதியிருக்கும். ராமுத்தாய் நேராகப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே சொர்ணலதா என்று ஒரு புது டீச்சர், திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயது. ஊருக்குப் புதிது என்பதால் மாலை நேரங்களில் பேச ஆளில்லாமல் இருந்தவளுக்கு, புல் வாசத்தோடு வாசலில் வந்து நின்ற இந்த நெட்டைப் பெண்ணைப் பார்த்ததும் பிடித்துப்போனது.

துண்டுக் காகிதத்தை வாங்கிப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். தன் இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

“உங்க ரைட்டர் சொன்ன மாதிரிதான் இதுலயும் போட்டிருக்குக்கா. வில் துணைவினை. இன்னொரு வினைக்கு ஒத்தாசை பண்ண வரும்.”

ராமுத்தாயின் முகம் வாடியது. சொர்ணலதா அவசரமாக, “இருங்க, இருங்க” என்றாள். காகிதத்தை விளக்கு வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். “ஆனா ஒண்ணு உதைக்குது. கடைசியில பாருங்க, ‘உட்’டுன்னு முடியுது. உட்டுங்கிறது வில்லோட இறந்தகாலம். அதுக்குப் பின்னாடியும் வினை இல்லே. ஆனா அதுக்கு மட்டும் ‘சம்மதிக்கலே’ன்னு ரைட்டர் அர்த்தம் சொல்லிட்டாரே! வில்லு, உட்டு, வில்லிங்கு, மூணும் ஒரு வேர்ல வந்தது. ஆதியில அதுக்கு ‘மனசு வைக்கிறது’ன்னுதான் அர்த்தமா இருந்திருக்கும்னு தோணுது.”

“அப்ப ‘ரோசிய நான் ராமுத்தாய்க்குன்னு மனசு வச்சிட்டேன்’னு சொல்றாரா?”

“அப்படித்தான் தோணுது. ஆனா தோணுறதை வச்சு உங்க ரைட்டர்கிட்ட ஜெயிக்க முடியாதுல்ல? எழுத்துல காட்டணும். பெரிய அகராதி வேணும். உத்தமபாளையம் ஹைஸ்கூல்ல ஒண்ணு இருக்கு, நான் பார்த்திருக்கேன். புதன்கிழமை எனக்கு அரைநாள்தான். வாரீங்களா?”

புதன்கிழமை மத்தியானம் இருவரும் கிளம்பினார்கள். ராமுத்தாய் கல்யாணத்துக்கு எடுத்த சுங்குடிச் சேலையைக் கட்டியிருந்தாள். வழியெல்லாம் வயலில் நெல் கதிர்விடப் பொதி கட்டி நின்றது. வாய்க்காலில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. சொர்ணலதா குடையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். ராமுத்தாயின் ஒரு எட்டு அவளுக்கு இரண்டு எட்டு.

“குதிரை கெடைச்சா என்னக்கா பண்ணுவீங்க?”

“மேல இருக்கிற தோட்டத்துச் சனங்களுக்கு உப்பும் சீமெண்ணெயும் அரிசியும் ஆருங்க சுமந்துக்கிட்டுப் போறது? தலைச்சுமைதான். ஒரு பொம்பளை ஒரு நடைக்கு அரை மூட்டை கொண்டுபோவா, வந்து மூணு நாளைக்குக் கழுத்தத் திருப்ப மாட்டா. ரோசி ஒரே நடையில ரெண்டு மூட்டை தூக்கும். அதுக்கு அந்தப் பாதையில ஒவ்வொரு கல்லும் தெரியும். நானும் அதுவுமாச் சேந்து பொதி ஓட்டுவோம்.” கொஞ்சம் நிறுத்தி, “அது போக, அது எங்கிட்ட இல்லாம வேற ஒருத்தன் வண்டியில கட்டி அடிச்சு ஓட்டுனா என்னால பாத்துக்கிட்டிருக்க முடியாது தாயி” என்றாள்.

உத்தமபாளையத்துக்குள் நுழைந்து, பத்திரம் பதிகிற ஆபீசைத் தாண்டிப் போகும்போது அங்கே வேப்பமரத்தடியில் நல்ல கூட்டம். டவாலி போட்ட சேவகர் ஒருவர் வாசலுக்கு வந்து உரக்கக் கூப்பிட்டார்.

“வில் ரிஜிஸ்டர் பண்ண வந்தது யாரு? வில்லு, வில்லு! உள்ளே வாங்க!”

மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஓடைப்பட்டிக்காரர் ஒருவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “நாந்தான் சாமி. உயிலு பதிய வந்தேன்.”

“அதான் கூப்பிடுறேன், வாரும்.”

ராமுத்தாய் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் சத்தம் போட்டதுகூட அவள் காதில் விழவில்லை. சொர்ணலதாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“டீச்சரம்மா! அவரு வில்லுங்கிறாரு, இவரு உயிலுங்கிறாரு. ரெண்டு பேரும் ஒண்ணையத்தான் சொல்றாக. ரெண்டும் ஒண்ணா?”

சொர்ணலதா வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குடை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“அக்கா! உயில்னு நாம சொல்றதே அந்த வில்லுதான்! வெள்ளைக்காரன் சொல்லு நம்ம வாயில வந்து உயிலாயிருச்சு. சாகுறதுக்கு முன்னால எழுதி வைக்கிறது!”

“தொரை எழுதின காகிதமே உயிலுதானே?”

“உயிலேதான்!”

இருவரும் தெருவில் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திடீரென்று சொர்ணலதாவின் சிரிப்பு நின்றது. “ஆனா உங்க ரைட்டர் விடமாட்டாரே. உயில்ங்கிறது பெயர்ச்சொல்லு, பொருளோட பேரு, அது எப்படி வினையாகும்னு கேப்பாரு.”

“ஏன் ஆகாது?” என்றாள் ராமுத்தாய். “காய்னா ஒரு பொருளு. ‘மரம் காய்க்குது’ன்னா அது செய்யிற வேலை. பூவுன்னா பொருளு, பூக்குதுன்னா வேலை. நம்ம ஊரு மரமே செய்யுது, தொரை செய்ய மாட்டாரா?”

சொர்ணலதா குனிந்து குடையை எடுத்தாள். “நீங்க எத்தனாவது வரைக்கும்க்கா படிச்சீங்க?”

“நான் எங்க படிச்சேன்? வாங்க, அகராதியப் பாப்போம்.”

ஹைஸ்கூல் குமாஸ்தா அவர்களை உட்காரவைத்து, தலையணை கனத்துக்கு இருந்த அகராதியைத் தூக்கிவந்து மேசையில் போட்டார். சொர்ணலதா விரலை ஓட்டிக்கொண்டு போனாள். வில்: வருங்காலத்தைக் காட்டும் துணைவினை. வில்: விருப்பம், மனத்திடம். வில்: இறப்புக்குப் பின் சொத்து சேர வேண்டிய விதத்தை எழுதிவைக்கும் ஆவணம். அதற்கும் கீழே, சிறிய எழுத்தில், வினைச்சொல் என்று போட்டு இன்னொரு வரி இருந்தது: உயிலால் ஒருவருக்கு உரிமையாக்குதல். அதற்கு ஓர் உதாரணமும் இருந்தது. ஒருவன் தன் வீட்டைத் தங்கைக்கு ‘வில்’ செய்ததாக.

“இருக்கா?” என்றாள் ராமுத்தாய், எழுத்தைப் பார்க்காமல் டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

“இருக்குக்கா. நீங்க சொன்ன மாதிரியே காய்ச்சிருக்கு.”

குமாஸ்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவரும் சேர்ந்து சிரித்தார். சொர்ணலதா அந்தப் பகுதி முழுவதையும் அழகாகப் பெயர்த்து எழுதிக்கொண்டாள். குமாஸ்தா கேட்காமலேயே அடியில், ‘அகராதியோடு சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை பொழுது விடிந்ததும் ராமுத்தாய் மலையேறினாள். வீரணனும் கூட வந்தான். “ஏ புள்ள, மெதுவாப் போ, குதிரை எங்கயும் ஓடிராது” என்று சொல்லிக்கொண்டே பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தான். ஸ்டோர் வாசலில் சுருளியாண்டி ஏற்கெனவே ஆஜர். ரோசியின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் புத்தம்புதுக் கயிறு ஒன்று தொங்கியது. ராமுத்தாயைக் கண்டதும் ரோசி தலையை உதறி அவர் கையைத் தள்ளிவிட்டு, அவளிடம் வந்து முந்தானையை முகர்ந்தது.

நல்லகண்ணு காகிதத்தை வாங்கினார். நின்றபடியே படிக்க ஆரம்பித்தவர், பாதியில் உட்கார்ந்துவிட்டார். உதடு அசைய அசைய மறுபடியும் படித்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து ஆபீசுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் அட்டை கிழிந்த ஓர் அகராதி. மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாளிலிருந்து அவர் மேசையில் இருப்பது. அதன் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

“வெஜிடபிள்” என்று வாசித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அட்டைதான் இருந்தது. “வெஜிடபிளோட முடிஞ்சிருச்சு. பின்னாடி உள்ளதெல்லாம் கரையான் தின்னுருச்சு. டபிள்யூவுல ஆரம்பிக்கிற ஒரு சொல்லும் எங்கிட்ட இல்லே.” அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “இருபது வருஷமா டபிள்யூ எல்லாம் குத்துமதிப்பாத்தான் ஓட்டியிருக்கேன்யா!”

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, கண்ணாடி மூக்கிலிருந்து நழுவ, அப்படி ஒரு சிரிப்பு. அவரை அந்த நிலையில் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தோடு வெளியே வந்து, என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள்.

சுருளியாண்டி மட்டும் விடவில்லை. “அதெல்லாம் சரி ரைட்டரே. நீரு சொன்ன இன்னொரு பாயிண்டு அப்படியே நிக்குதே. மத்த எல்லாத்துக்கும் ‘குடு’ன்னு எழுதினவரு இதுக்கு மட்டும் ஏன் மாத்தி எழுதணும்?”

நல்லகண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேள்வி நியாயமானது; அதை முதலில் கேட்டவரே அவர்தான். எல்லாரும் ராமுத்தாயைப் பார்த்தார்கள்.

அவள் ரோசியின் பிடரியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாக அவள் மனதுக்குள் உருண்டுகொண்டிருந்ததும் அந்தக் கேள்விதான்.

“‘குடு’ன்னா அடுத்தவகளைப் பாத்துச் சொல்றது” என்றாள் மெதுவாக. “என் வாட்ச்சைக் குடு, கம்பளியக் குடு, நான் இருக்க மாட்டேன், நீ குடு. அப்படித்தானே? ரோசிய அப்படி விடலே அவரு. இதை நானே குடுக்கேன்னு எழுதியிருக்காரு. யாருகிட்டயும் சொல்லிக் குடுக்கச் சொல்லலே. அவரு கையாலயே குடுத்துட்டுப் போயிருக்காரு.”

முறத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

நல்லகண்ணு துரையின் காகிதத்தை எடுத்துக் கடைசி வரியை இன்னொரு தரம் பார்த்தார். “ஐ” என்றார். “வரியோட முதல் எழுத்தே ‘நான்’. அதை நான் பாக்கவே இல்லையே.” ஆபீசுக்குள் போய்ப் பட்டியலை எடுத்துவந்து, ஏலத்துக்குப் போக வேண்டிய சாமான்களில் ‘ஒரு பெட்டைக்குதிரை’ என்றிருந்ததை மூன்று தரம் அடித்தார். வேறொரு தாளில் தமிழிலேயே எழுதினார்: ‘ரோசி என்கிற செவலைக் குதிரையை ஆர்லி துரை தம் உயிலால் ராமுத்தாய்க்கு உரிமையாக்கினார்.’ எழுதி முடித்து ஊதிக் காயவைத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

சுருளியாண்டி பெருமூச்சு விட்டார். தோளில் கிடந்த புதுக்கயிற்றை எடுத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை வீரணனின் கையில் வைத்தார்.

“இந்தா மாப்ளே. இந்தக் குதிரைக்குன்னே திரிக்கச் சொல்லி வாங்கினேன். வேற கழுத்துல போட்டாப் பொருந்தாது.”

“அண்ணே, எங்க வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றாள் ராமுத்தாய். “ரைட்டரய்யாவும் வரணும். டீச்சரம்மாவும் வருவாக. கோழி அடிக்கப் போறேன்.”

அடித்தாள். இரண்டு கோழி. அந்தச் சாப்பாட்டில் நல்லகண்ணுவும் சொர்ணலதாவும் எதிரெதிரே உட்கார்ந்து, இலையில் குழம்பு ஆறுவது தெரியாமல் வில்லையும் உட்டையும் பற்றி விவாதித்ததையும், நடுவில் சுருளியாண்டி, “நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க, இல்லாட்டி இலைய எங்கிட்டத் தள்ளுங்க” என்று அதட்டியதையும் வீரணன் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தான். மறு மாதம் நல்லகண்ணு ஒரு புது அகராதி வாங்கினார். வாங்கியவுடன் கடைசிப் பக்கத்தைத் திறந்து, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாராம்.

தோட்டத்தை வாங்கிய புது முதலாளி, மேலே போகிற சாமான்களையெல்லாம் ராமுத்தாயின் பொதியிலேயே ஏற்றச் சொன்னார். வாரத்துக்கு மூன்று நடை. முன்னால் ரோசி, பக்கத்தில் அவள். உப்பு நனையாமல், சீமெண்ணெய் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. தலைச்சுமைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேரை ராமுத்தாய் தன்னோடு பொதி கட்டவும் அவிழ்க்கவும் சேர்த்துக்கொண்டாள்.

ஆனால் கோம்பையில் இன்றைக்கும் நினைத்துச் சிரிக்கிற நாள், குதிரை ஊருக்குள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. அன்று பொதி கிடையாது. ரோசியைக் குளிப்பாட்டக் கொண்டுபோகிறேன் என்று ராமுத்தாய் வெறும் முதுகில் ஏறி உட்கார்ந்து, சேலையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு தெருவில் போனாள். குட்டியாக இருந்தபோது அவள் தோளில் போட்டுச் சுமந்த குதிரை. இதுவரைக்கும் அவள் அதன் மேல் உட்கார்ந்ததே இல்லை. துரைக்கு மட்டும் உரிய இடம் அது. உட்கார்ந்ததும் ஊர்க் கூரைகளின் முகடு தெரிந்தது, தென்னைகளுக்கு அப்பால் மலை தெரிந்தது. அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

நாலு வீடு தள்ளிக் குடியிருந்த ராக்கம்மாள், சோளம் புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தைக் கீழே வைத்தாள். பேரன் பேத்தி எடுத்தவள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“ஏண்டி ராமுத்தாயி, அங்கன உக்காந்தா எப்பிடி இருக்கு?”

“ஏறிப் பாருங்க மதினி.”

“அடி போடி, ஆம்பளைக பாத்தா என்ன சொல்வாக?”

“என்ன சொல்வாக? குதிரை எனக்கு. எழுத்துல இருக்கு.”

ராக்கம்மாள் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு வாசலில் கிடந்த உரலின் மேல் ஏறி, “கெட்டியாப் பிடிச்சுக்கோடி” என்று அலறிக்கொண்டே ரோசியின் முதுகில் ராமுத்தாய்க்குப் பின்னால் ஒருவழியாகப் போய் விழுந்தாள். குதிரை ஒரு எட்டு எடுத்து வைத்ததும் “ஆத்தாடி!” என்றாள். இரண்டாவது எட்டுக்குச் சிரித்தாள். வாய்க்கால் வரைக்கும் போய்த் திரும்பி வரும்போது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

அவள் இறங்குவதற்குள் உரலுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். கடைசியில், குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சொர்ணலதா டீச்சர்.